வியன்னாவுக்குப் போட்ட அடைப்புக்குறி

ஆர்லிஸ் கார்ன்ஸ் யாரையும் சட்டென்று நம்பிவிட மாட்டார். நான் புறம் பேசுவதாக எண்ண வேண்டாம். அவர் மனைவி நெட்டியே பள்ளி விருந்துகளில் எல்லோர் முன்பும் சொல்லிச் சிரிப்பாள். “கல்யாணத்தன்னிக்கு போதகர் ‘சம்மதமா’ன்னு கேட்டாரு. இந்த மனுஷன் வாயத் திறக்கறதுக்கு முன்னாடி என் முகத்திரைய லேசாத் தூக்கி, உள்ள இருக்கறது நான்தானான்னு பார்த்துக்கிட்டாரு!”

ஆர்லிஸ் மட்டும் சிரிக்க மாட்டார். “வேதத்துல யாக்கோபு முகத்திரைய விலக்கிப் பார்க்கல. பொழுது விடிஞ்சா பக்கத்துல தங்கச்சிக்குப் பதிலா அக்கா லேயாள். தெரியுமில்ல?” என்பார்.

இல்லினாய் மாநிலத்தின் தென்கோடியில், ஸ்டோன் ஃபோர்க் உயர்நிலைப் பள்ளியில் அவர் சரித்திர ஆசிரியர். நான் அந்தப் பள்ளியின் சமையலறையில் இருக்கிறேன். எங்கள் சபையில் எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதனால் அவர் நடத்திய பாடத்தைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு செவ்வாயும் பள்ளி விட்ட பிறகு, நான் மேசைகளைத் துடைத்து வைத்திருக்கும் சாப்பாட்டு அறையில்தான் அவருடைய வினாடிவினா அணி பயிற்சி செய்யும். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த விளையாட்டில் கேள்வி ஒரு பத்தி அளவு நீளமாக இருக்கும். முதல் வரியில் எவருக்கும் தெரியாத ஏதோ சங்கதி வரும். போகப்போக எளிதாகும். கடைசி வரிக்கு விடை தெரியாதவர் இருக்க மாட்டார்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே விடை தெரிந்த பிள்ளை பொத்தானை அழுத்தலாம். முந்தி அழுத்துகிறவர் கெட்டிக்காரர்.

கேள்விகளை ஆர்லிஸே எழுதுவார். ஒரு தகவலை மூன்று புத்தகங்களில் பார்க்காமல் எழுத மாட்டார். “ஒரு புத்தகம் பொய் சொல்லும், மிஸ் லோவினா. ரெண்டாவது புத்தகம் அதைப் பார்த்துக் காப்பியடிக்கும். மூணாவதும் அதையே சொன்னா, மூணும் ஒரே எடத்துல திருடினதான்னு பார்க்கணும்” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். ஆண்டுக்கொரு முறை எங்கள் பள்ளியில் அவர் நடத்தும் சின்னப் போட்டிக்கும் அந்தக் கேள்விகள்தான். போட்டி முடிந்ததும் வந்திருந்த அணிகள் அவற்றைப் பயிற்சிக்கென்று வீட்டுக்கு எடுத்துப் போகலாம். எங்கும் அதுதான் வழக்கம். பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, தன் கேள்வி என்று சொல்லி வேறொரு போட்டியில் வைக்கக் கூடாது. எங்கும் எழுதி ஒட்டியதில்லை என்றாலும் எல்லோருக்கும் தெரியும்.

கைபேசி இல்லாத காலம் அது. அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் பிள்ளைகள் முதல் முறையாக வடக்கே போனார்கள். சிகாகோவுக்கு வெளியே பெரிய பள்ளி ஒன்று நடத்தும் போட்டி அது. அவர்களுடைய நீச்சல் குளம் எங்கள் பள்ளியைவிடப் பெரியது. பெண்பிள்ளைகள் இருப்பதால் துணைக்கு ஒரு பெண் வர வேண்டும் என்று தலைமையாசிரியர் என்னை அனுப்பினார். முந்தின இரவு ஒரு சபையின் அடித்தள அறையில் தங்கிவிட்டுக் காலையில் போய்ச் சேர்ந்தோம்.

வண்டியின் பின்கதவு பூட்டிக்கொள்ளவில்லை. அதில் இருந்ததெல்லாம் போர்வைகளும் நான் கட்டி எடுத்துப்போன பன்றிக்கறி சாண்ட்விச்சும்தான்.

“கயிறு போட்டுக் கட்டிட்டு வரேன். நீங்க உள்ள போங்க” என்றார் ஆர்லிஸ்.

“கோச், யாரு சாண்ட்விச்சத் திருடப் போறாங்க?” என்றான் டக்கர். அணியில் வாய்த்துடுக்கு அவனுக்குத்தான்.

“திருடறவன் முகத்துல எழுதி ஒட்டிக்கிட்டா வருவான்?” என்றபடி அவர் பனியில் குனிந்து முடிச்சுப் போடத் தொடங்கினார்.

அதனால்தான் முதல் ஆட்டத்தின்போது அவர் அறையில் இல்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் அணியின் தலைவி ஷைலோ. மெலிந்த பெண். பேசினால் அளந்துதான் பேசுவாள். எதிரே நீலக் கழுத்துப்பட்டை கட்டிய நான்கு பையன்கள். கேள்வி வாசிக்க ஒரு கல்லூரி இளைஞர் இருந்தார். அவர் ஒரு வரிகூட முடித்திருக்க மாட்டார். ஷைலோ அழுத்திவிட்டாள். விடை சரி. எதிரணிப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த கேள்வி. நான்கைந்து சொற்கள் வந்திருக்கும். டக்கர் அழுத்தினான். சரி.

அதற்கடுத்ததில் எரிமலையின் பெயரோ தீவின் பெயரோ கேட்கப் போகிறார்கள் என்று எனக்குப் புரியும் முன்பே ஷைலோ விடை சொல்லிவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஆனால் வாசித்த இளைஞர் தாளைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எங்கள் பிள்ளைகளின் கண்ணில் அது பட்டுவிடுமோ என்பதுபோல.

அடுத்த கேள்வி ஒரு இசையமைப்பாளரைப் பற்றியது. வாசித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நின்று சிரித்தார்.

“இங்க பாருங்க! வியன்னாங்கற பேர எப்படி உச்சரிக்கணும்னு அடைப்புக்குறி போட்டு எழுதியிருக்கு. வியன்னாவக்கூட சொல்லத் தெரியாதவங்க யாருப்பா இங்க?”

நீலப்பட்டைப் பையன்கள் சிரித்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. ஷைலோ பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டக்கரை ஒரு பார்வை பார்த்தாள். அவனோ அதற்குள் அழுத்திவிட்டான்.

“ஷூபர்ட்” என்றான். குரல் இறங்கியிருந்தது.

எதிரணியின் பயிற்சியாளர் எழுந்தார். “போதும், நிறுத்துங்க. இந்தப் பசங்க கேள்வித்தாளப் பார்த்திருக்காங்க.”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். “தெக்கத்திப் பசங்களுக்கு இவ்ளோ வேகமா?” என்று யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. பிள்ளைகளின் காதில் விழாமலா இருந்திருக்கும்?

போட்டியின் பொறுப்பாளர் திருமதி பெங்ட்சன் வந்தார். நரைத்த தலை, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. குரலை உயர்த்திப் பேசாத பெண்மணி. எங்களைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். ஆர்லிஸ் கையில் மீதிக் கயிற்றோடு அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

“மிஸ்டர் கார்ன்ஸ், திருட்டுன்னு நான் சொல்லல” என்றார் அந்த அம்மாள். “கேள்வி முழுசா வர்றதுக்குள்ள நாலுக்கு நாலு. எப்படின்னு மட்டும் கேக்கறேன். கேள்வித்தாள் வெளிய போயிருந்தா நான் மாநிலச் சங்கத்துக்குச் சொல்லியாகணும். உங்க பள்ளிக்கூடப் பேர எல்லாருக்கும் அனுப்புவாங்க. இந்தப் பிள்ளைங்க இனிமே எங்கயும் ஆட முடியாது.”

ஆர்லிஸ் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பெட்ரோல் பங்கில் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பாரே, அதே பார்வை.

“எம் பசங்க அப்படிச் செஞ்சிருந்தா நான் மறைக்க மாட்டேங்க” என்றார். “சின்ன வயசு. எங்கயாவது தாள் கிடந்திருக்கும், எடுத்துப் பார்த்திருப்பாங்க. நான் விசாரிச்சுச் சொல்றேன்.”

ஷைலோ மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தாள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. மாறாததுதான் எனக்கு வலித்தது.

பெங்ட்சன் அம்மாள் அரைமணி நேரம் கொடுத்துவிட்டுப் போனார். ஆர்லிஸ் பிள்ளைகளை ஒவ்வொருவராக, இரும்பு அலமாரிகளின் ஓரத்துக்கு அழைத்துப் போய்க் கேட்டார். நால்வரையும் சேர்த்து வைத்துக் கேட்டால் ஒரே கதையைச் சொல்லிவிடுவார்களாம். பிறகு என்னிடம் வந்தார்.

“மிஸ் லோவினா, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து அந்த அடித்தளத்துல பசங்க தூங்கினப்ப, யாராவது எழுந்து வெளிய போனாங்களா?”

“யாரும் போகல.”

“நீங்க தூங்கிட்டீங்களா?”

“தூங்கினேன், மிஸ்டர் கார்ன்ஸ்.”

“தூங்கிட்டா எப்படித் தெரியும்?”

கர்த்தர் தூங்குவதில்லை என்று சொல்லியிருப்பேன். அதை அவரிடம் சொல்லும் வேளை அதுவல்ல என்று விட்டுவிட்டேன்.

டக்கர்தான் வெடித்தான். “நடிச்சது போதும் கோச். இங்க யாரும் கேக்கல. எங்ககிட்டயே எதுக்கு?”

“என்னடா சொல்ற?”

“அதெல்லாம் உங்க கேள்வி. நீங்க எழுதினது. செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை எங்ககிட்ட வாசிச்சது. நீங்கதான் இவங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கீங்கன்னு நெனச்சோம். நாங்க ஜெயிக்கணும்னு.”

ஆர்லிஸின் கையிலிருந்த கயிறு அசைவற்று நின்றது.

“என்னையா அப்படி நெனச்சீங்க?” என்றார்.

“மொத மூணு கேள்விக்கும் கை தானா அழுத்திடுச்சு. இதெல்லாம் எங்கயோ கேட்டதுன்னு தெரிஞ்சுது. எங்கன்னு தெரியல” என்றாள் ஷைலோ. “வியன்னாவுக்கு அடைப்புக்குறின்னு அந்த ஆள் சிரிச்சப்பதான் புரிஞ்சுது. தெரிஞ்ச கேள்வி வந்தா கை தூக்கிச் சொல்லணும்னு நீங்கதான் சொல்லித் தந்தீங்க. சொன்னா நீங்க மாட்டிப்பீங்களேன்னு பேசாம இருந்துட்டேன்.”

ஆர்லிஸ் அலமாரியில் சாய்ந்துகொண்டார். “அடைப்புக்குறி இருந்துதா? வியன்னாவுக்கா?”

இதை வடக்கத்திக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். எங்களுக்குப் பக்கத்து ஊரின் பெயரும் அந்த ஆஸ்திரிய நகரத்தின் பெயரும் எழுத்தில் ஒன்றுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் அதை ‘வையன்னா’ என்றுதான் சொல்வார்கள். பிறந்தது முதல் அப்படியே சொல்லி வளர்ந்த வாய். ஆர்லிஸ் நடத்தும் போட்டிக்குக் கேள்வி வாசிக்க எங்கள் சபையார்தான் வருவார்கள். ஓராண்டு எங்கள் சகோதரர் எஸ்ரா, யாரோ ஒரு பேரரசர் ‘வையன்னா’வில் முடிசூடினார் என்று கணீரென்று வாசித்துவிட்டார். எல்ம் ஹில் பள்ளிப் பையன் ஒருவன், நம் பக்கத்து ஊரில் பேரரசர் ஏது என்று யோசித்தபடியே கேள்வியைக் கோட்டைவிட்டான். அந்தப் பள்ளியின் பயிற்சியாளர் மெர்ல் டக்வொர்த் பெரிய தகராறு செய்தார். அன்றிலிருந்து ஆர்லிஸ் தன் கேள்வியில் எங்கே வியன்னா வந்தாலும் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு உச்சரிப்பை எழுதிவிடுவார். அது எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் தேவையில்லாத உதவி.

ஆர்லிஸ் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு நேரே பெங்ட்சன் அம்மாளிடம் போனார். நாங்களும் பின்னால் போனோம். அலுவலக அறையில் அந்த அம்மாளோடு இன்னொருவரும் இருந்தார். அவர் பெயர் ஹாலிஸ் ஃபென்விக். அந்தப் போட்டியின் கேள்விகள் முழுவதையும் எழுதியவர் என்று கையேட்டின் முதல் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அறைக்குள்ளும் குளிர்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“இந்தக் கேள்விங்க என்னோடது” என்றார் ஆர்லிஸ். “நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க போட்டிக்கு நான் எழுதினது.”

ஃபென்விக் மெதுவாகப் புன்னகைத்தார். “மிஸ்டர் கார்ன்ஸ், ஷூபர்ட்டப் பத்தி யார் எழுதினாலும் வியன்னா வரும். அதுக்கு நான் என்ன பண்றது?”

“வரும். ஆனா அத எப்படி உச்சரிக்கணும்னு நீங்க எதுக்கு எழுதணும்?”

“வாசிக்கறவங்க தடுமாறக் கூடாதுன்னுதான்.”

“வியன்னாவுலயா தடுமாறுவாங்க? உங்க ஊர்ல?”

பெங்ட்சன் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேள்வித்தாளைப் பார்த்தார். பிறகு ஆர்லிஸைப் பார்த்தார்.

“மன்னிக்கணும், மிஸ்டர் கார்ன்ஸ். தாள் உங்க கைக்கு முன்னாடியே வந்திருந்தா, இந்த அடைப்புக்குறியும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க என்ன சொன்னாலும் தாளப் பார்த்துச் சொன்னீங்கன்னு ஆகுது. உங்க பழைய கேள்வி வேற யார்கிட்டயாவது இருக்கா? உங்க ஊர்க்காரர் வேண்டாம். உங்க சிநேகிதரும் வேண்டாம்.”

“ஒருத்தர் இருக்காரு” என்றார் ஆர்லிஸ். “எல்ம் ஹில் மெர்ல் டக்வொர்த். ஆனா அவர் எனக்காகப் பேச மாட்டாரு.”

“ஏன்?”

ஆர்லிஸ் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியது என் தலையில் விழுந்தது.

“மிஸ்டர் டக்வொர்த்தோட வீட்டம்மா போட்டிக்கு வந்து பின் வரிசையில உக்காந்து கம்பளி பின்னுவாங்க” என்றேன். “ஊசி டிக்குடிக்குன்னு சத்தம் போடுது, அதுல விடை சொல்லித் தராங்கன்னு மிஸ்டர் கார்ன்ஸ் சந்தேகப்பட்டு அந்தம்மாவ வெளிய அனுப்பிட்டாரு.”

டக்கர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“பேபி சாக்ஸ்” என்றாள் ஷைலோ, யாரையும் பார்க்காமல். “அவங்க பேரப்பிள்ளைக்கு.”

பெங்ட்சன் அம்மாள் தொலைபேசித் தகவல் சேவையைக் கூப்பிட்டு டக்வொர்த்தின் வீட்டு எண்ணை வாங்கினார். எங்களுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார். யார் கேட்கிறார்கள், எதற்கு என்று ஒன்றும் சொல்லாமல், “ஒரு பழைய வினாடிவினாக் கேள்வி பத்தி விசாரிக்கணும். இசையமைப்பாளர் ஒருத்தரப் பத்தின கேள்வியில வியன்னாவுக்குப் பக்கத்துல உச்சரிப்பு போட்டிருக்கு. அதைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

மறுமுனையில் ஒரு பெரிய சிரிப்பு. “தெரியுமாவா? அத போட வெச்சதே நான்தாங்க! வையன்னா, வையன்னான்னு வாசிச்சு எங்க பையனக் கெடுத்தாங்க. கத்தினேன். அதுக்கப்பறம் கார்ன்ஸ் எல்லா வியன்னாவுக்கும் கொம்பு வெச்ச மாதிரி அடைப்புக்குறி போட ஆரம்பிச்சாரு. எந்தக் கேள்வி? ஷூபர்ட்டா? இறுதி ஊர்வலத்துல தீப்பந்தம் பிடிச்சது வருமே, அதா? இருங்க, கீழ பெட்டியில இருக்கு.”

அவர் படி இறங்குவது கேட்டது. பெட்டிகள் நகர்ந்தன. நாய் ஒன்று குரைத்தது. நான் கண்ணை மூடி ஜெபித்தேன். அந்தப் பெட்டியை எலி கடித்திருக்கக் கூடாதே என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

திரும்பி வந்து வாசித்தார். பெங்ட்சன் அம்மாள் கையிலிருந்த தாளில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். ஒரு சொல்கூட மாறவில்லை. அடைப்புக்குறி வந்த இடத்தில் டக்வொர்த் நிறுத்தி, “இதோ, நம்ம அடைப்புக்குறி” என்றார்.

“நன்றி, மிஸ்டர் டக்வொர்த். இன்னொண்ணு கேக்கலாமா? மிஸ்டர் கார்ன்ஸ் எப்படிப்பட்டவர்?”

“அந்த ஆளா? சந்தேகப் பிசாசு. சொந்த நெழலையே ரெண்டு தரம் திரும்பிப் பார்ப்பாரு. என் பொண்டாட்டி இன்னும் அவர் பேச்ச எடுத்தா அடுப்பங்கரைக்குப் போயிடுவா. ஆனா திருடன் இல்லங்க. அடுத்தவன் எழுதின ஒரு வரியத் தொட மாட்டாரு. ஏன்னா அத நம்ப மாட்டாரே!”

ஆர்லிஸ் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தொலைபேசியை வைத்த பிறகு ஃபென்விக் தானாகவே பேசினார். “எல்லாம் இல்ல. முக்கால்வாசி என்னோடதுதான். இந்த வருஷம் நேரமே கிடைக்கல” என்றார். “கைமாறி வந்த பழைய பயிற்சித் தாள். அவ்ளோ தெக்க நடந்த போட்டி. அங்கேருந்து இங்க யாரும் வந்ததே இல்லையே.” கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். எழுந்து கோட்டின் பொத்தான்களைப் போடத் தொடங்கினார். ஒரு பொத்தான் தப்பான துளையில் போய்விட்டது. அவிழ்த்து மறுபடி போட்டார். யாரும் அவரை வையவில்லை. அவருக்காகவும் அன்றைக்கு ஜெபித்தேன்.

பெங்ட்சன் அம்மாள் எங்கள் பிள்ளைகளின் பக்கம் திரும்பினார். “உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. கூடத்துல எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன். காலை ஆட்டம் செல்லாது. வேற பள்ளிக்கூடத்துலேருந்து கேள்வி வரவழைச்சு மதியத்துக்கு மேல புதுசா ஆரம்பிக்கறோம்.”

அப்படியே சொன்னார். நீலப்பட்டை அணியின் பயிற்சியாளர் வந்து ஷைலோவின் கையைக் குலுக்கினார். ஆனால் நாங்கள் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தபோது பக்கத்து மேசைகளிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு முறை பட்ட கறை, துடைத்த பிறகும் ஈரம் தெரியும்.

சாண்ட்விச்சைப் பிரித்தேன். யாரும் எடுக்கவில்லை.

“சரி” என்றார் ஆர்லிஸ். “எல்லாம் தெளிவாயிடுச்சு. சாப்பிடுங்க. நம்ம பேரு சுத்தம்.”

“உங்க பேரு சுத்தம் கோச்” என்றாள் ஷைலோ.

“உங்க பேரும்தான்.”

“இப்ப ஆமா. காலையில அந்தம்மா கேட்டப்ப, நீங்க என்ன சொன்னீங்க? எங்கயாவது தாள் கிடந்திருக்கும், எடுத்திருப்பாங்கன்னு சொன்னீங்க. நான் அங்கதான் நின்னுட்டிருந்தேன்.”

“ஷைலோ, அது...”

“இப்ப நம்பறது பெருசில்ல. இப்ப யாரு வேணா நம்புவாங்க. அவங்ககூட நம்பறாங்க.” நீலப்பட்டை மேசையைக் காட்டினாள். அவள் அத்தனை சொற்களைச் சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

ஆர்லிஸ் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் பதில் தேடுகிறார் என்று நினைத்தேன். தேடவில்லை.

“நம்பல” என்றார். “உங்க நாலு பேரையும் நான் நம்பல. அந்தம்மா கேட்ட அந்த நிமிஷமே நீங்க எடுத்திருப்பீங்கன்னுதான் எனக்குத் தோணுச்சு. வேற எதுவுமே தோணல.”

“நாங்களும் உங்கள நம்பலையே” என்றான் டக்கர். “நீங்க ஏதோ தில்லுமுல்லு பண்ணி எங்கள ஜெயிக்க வெக்கறீங்கன்னு நெனச்சோமே.”

“அதுக்கு நான்தான் காரணம். என்கிட்டேருந்து வேற என்ன கத்துப்பீங்க?”

டக்கர் என் பக்கம் திரும்பினான். “மிஸ் லோவினாவ யாராச்சும் சந்தேகப்பட்டீங்களா?”

“கால்மணி நேரம்” என்றார் ஆர்லிஸ்.

“மிஸ்டர் கார்ன்ஸ்!”

“மன்னிச்சுக்குங்க. கால்மணிகூட இருக்காது.”

டக்கர் சிரித்தான். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். சாண்ட்விச்சுகள் ஒவ்வொன்றாகப் பொட்டலத்திலிருந்து போயின. ஷைலோ மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் எடுத்துக்கொண்டாள்.

மதிய ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. ஆர்லிஸ் எழுந்து முன்னால் நடந்தார். ஷைலோ அறை வாசலில் நின்று திரும்பினாள்.

“கோச், நீங்க உள்ள வராதீங்க.”

“ஏன்? பயிற்சியாளர் உள்ள உக்காரலாம். விதியில இருக்கு.”

“தெரியும். வெளிய இருங்க. நாங்க ஆடிட்டு வந்து என்ன ஆச்சுன்னு சொல்றோம்.”

அவர் என்னைப் பார்த்தார். என்னிடம் உதவி கேட்பதுபோல இருந்தது. நான் கதவைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளை உள்ளே அனுப்பினேன். நானும் உள்ளே போகவில்லை. கதவு மூடிக்கொண்டது.

தாழ்வாரத்தில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. உட்கார்ந்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் வாசிக்கும் குரல் முணுமுணுப்பாகக் கேட்டது. பொத்தான் சத்தம் கேட்டது. யார் அழுத்தினார்கள் என்று தெரியாது. சரியா தப்பா என்றும் தெரியாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஆர்லிஸின் முழங்கால் ஆடியது. ஒரு தடவை எழுந்து கதவின் கண்ணாடிச் சதுரம்வரை போனார். அங்கேயே நின்று, பிறகு எதிர்ச்சுவரில் இருந்த தண்ணீர்க் குழாய்க்குத் திரும்பி, தாகமில்லாமல் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“வாசிக்கறவன் சரியா வாசிக்கறானான்னு யாரு பார்க்கறது?” என்றார்.

“ஷைலோ பார்ப்பா” என்றேன்.

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை. டக்கர்கூட வாய் திறக்கவில்லை. ஷைலோவுக்காகக் காத்திருந்தான்.

“தோத்துட்டோம் கோச்” என்றாள் அவள். “கடைசிக் கேள்வி வரைக்கும் சமமா இருந்துது. ஒரு கேள்விக்கு நான் சொன்னது சரின்னு எனக்குத் தோணுது, அவர் தப்புன்னுட்டாரு. புகார் குடுக்கல. யோசிச்சுப் பார்த்தா அவர் சொன்னதுதான் சரி.”

எந்தக் கேள்வி, என்ன விடை, யார் வாசித்தது, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அத்தனையும் அவர் நாக்கு நுனியில் வந்து நின்றதை நான் பார்த்தேன்.

“சரிம்மா” என்றார்.

ஆட்டப் புள்ளிகளைக் கூடத்தின் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பயிற்சியாளர்கள் எல்லோரும் அங்கே கூட்டமாக நின்று விரல் வைத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்லிஸ் அந்தப் பக்கமாகத்தான் போக வேண்டியிருந்தது. கழுத்து மட்டும் ஒருமுறை சுவரின் பக்கம் திரும்பியது. கால்கள் நிற்கவில்லை. வண்டியை வாசலுக்குக் கொண்டுவரப் பனியில் இறங்கி நடந்தார்.